இரு கரை மண்ணில் எட்டுப் படங்கள்

இறுதியாண்டுக் காட்சிக்காக எட்டு ஓவியங்கள் கொண்ட ஒரு தொடரை வரைந்து முடித்திருக்கிறேன். பொருள், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள். கிழக்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் எழுவான்கரைக்கு நான்கு படங்கள். மேற்கே வயலும் குளமுமாக விரியும் படுவான்கரைக்கு நான்கு. எந்தக் கரையை வரைகிறேனோ அந்தக் கரையில் எடுத்து நானே அரைத்த நிறத்தைத் தவிர வேறு நிறம் அந்தப் படத்தில் இருக்கக் கூடாது. வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொண்ட விதி இது. துணி, பலகை, பசை ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது, நிறத்துக்கு மட்டும்தான்.

கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் எனக்குப் பின்னால் வரும் மாணவர்கள் சிலர் செய்முறையைக் கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். மண்ணில் வரைவது புதுமை அன்று. கண்டிக் காலத்து விகாரைச் சுவரோவியங்களிலும் மண்ணும் விளாம்பிசினும் இருக்கின்றன. ஆனால் கையில் கிடைக்கும் பொருளின் குறைவே ஒரு தொடரின் அமைப்பைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு ஆசை இருக்கிறது.

எந்தக் கரை எதைத் தந்தது

எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். மணலிலிருந்து நிறம் எடுக்க முடியாது. பெரும்பாலும் படிகக்கல் துகள்களாக இருப்பதால், எவ்வளவு அரைத்தாலும் பசையில் குழைத்தவுடன் ஒளி ஊடுருவிச் சாயலற்றுப் போகிறது. இக்கரையில் மிஞ்சியவை இரண்டே இரண்டு பொருள்கள். ஒன்று, வாவியோரம் குவிந்து கிடக்கும் மட்டி ஓடு. மற்றொன்று தென்னந்தோட்டத்துச் சிரட்டை. ஓட்டைப் பொடித்தால் வெள்ளை, சிரட்டையைக் கரியாக்கினால் கறுப்பு. அவ்வளவுதான்.

படுவான்கரை இதற்கு நேர்மாறு. கிரவல் வீதியோரத்தில் செம்மண், கைவிடப்பட்டுச் சிதைந்த புற்றில் மஞ்சட்பழுப்பு, வட்டை எனப்படும் வயல்வெளிக்குள் சேறு, சூளையடியில் உடைந்த செங்கல், நெல் ஆலைப் பக்கம் உமி. பாம்பிருக்கும் புற்றையும், பால் வார்த்துக் கும்பிடும் புற்றையும் நான் தொடவில்லை. மழையில் சரிந்து யாரும் கவனிக்காமல் கிடந்த ஒன்றில்தான் எடுத்தேன். புற்றுமண்ணில் கறையான் ஏற்கெனவே நுண்ணிய களியைத் தேர்ந்து மேலே கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அரைக்கும் உழைப்பு பாதியாகக் குறைகிறது.

சேறு எடுக்கப் போனபோது வயற்காரர் ஒருவர் நான் வாளியுடன் வரம்பில் நிற்பதைப் பார்த்து, "மகள், வயலுக்குள் இறங்காதே. வாய்க்கால் அடியில் படிந்திருக்கிற வண்டலை எடு. அதில் கல்லும் இல்லை, வேரும் இல்லை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஓடிவரும் நீர் வேகம் குறையும் இடத்தில் பருமணலை முதலில் விட்டு, நுண்களியைக் கடைசியாக இறக்குகிறது. நான் வாளியில் செய்ய நினைத்திருந்த வேலையை வாய்க்கால் செய்து வைத்திருந்தது.

அக்கரையில் இத்தனை நிறம் இருந்தும் அங்கே வெள்ளை இல்லை. இக்கரையில் வெள்ளை உண்டு, சிவப்பு இல்லை. இரு கரையிலும் நீலம் இல்லை. வாவியை வரைய வந்தவளிடம் நீலம் இல்லை என்பதுதான் இந்தத் தொடரின் மையப் பிரச்சினை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணிலிருந்து நிறத்துக்கு

முறை எல்லா மண்ணுக்கும் ஒன்றே. மண்ணை ஒரு நாள் ஊறவிட்டு, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். முப்பது எண்ணும் வரை பொறுத்தால் மணல் அடியில் இறங்கிவிடும். மேலே கலங்கிய நீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்து அடுத்த வாளியில் ஊற்ற வேண்டும். இரண்டாவது வாளியை ஓரிரவு அசைக்காமல் வைத்தால் களி அடியில் படியும். தெளிந்த நீரை மெல்லச் சரித்துவிடலாம். தோசைமாப் பதத்தில் மிஞ்சுவதைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினால் ஏடுஏடாக வெடிக்கும். அதை அரைத்தால் நிறப்பொடி.

அரைப்பதற்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடித் தகடு ஒன்றும், அடிப்பாகம் தட்டையான கனத்த கண்ணாடிப் போத்தல் ஒன்றும் போதும். இரண்டையும் ஈரமான மணற்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான கண்ணாடியில் பொடி வழுக்கிப் போகும், அரைபடாது. உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அவசியம். மண்ணில் சிலிக்கா இருக்கிறது; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. இதை அலட்சியம் செய்யாதீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

சிரட்டைக் கரி வேறு வகையில் அடம்பிடிக்கும். தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். சில துளி சேர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டுக் குழைத்தால் உடனே நனைந்து அடங்குகிறது. கரியிலேயே இரண்டு சுபாவம் இருப்பது அரைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரட்டைக் கரியை வெள்ளையோடு கலந்தால் குளிர்ந்த சாம்பல் கிடைக்கிறது. அக்கரையின் உமிக்கரி மென்மையானது, சற்றுப் பழுப்பு கலந்தது. ஒரே கறுப்பு என்று நினைத்திருந்த இடத்தில் கரைக்கு ஒரு கறுப்பு கிடைத்துவிட்டது.

சுடுவதால் நிறம் மாறுவதைப் பார்ப்பது இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி. புற்றுமண்ணின் மஞ்சளுக்குக் காரணம் நீர் பிணைந்த இரும்பு ஒட்சைட்டு. சுமார் 250 முதல் 300 பாகை செல்சியசில் அந்த நீர் வெளியேற, அது சிவப்பு ஒட்சைட்டாகிறது. பழைய இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் கிளறினேன். மஞ்சள் முதலில் காவியாகி, பிறகு செங்காவியாகி, கடைசியில் கருஞ்சிவப்பில் நின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கரண்டி எடுத்து வைத்ததால், ஒரே புற்றிலிருந்து ஒன்றோடொன்று முரண்படாத ஒரு நிற வரிசை கிடைத்தது. படுவான்கரைப் படங்களின் ஒற்றுமை அந்தச் சட்டியில் உருவானதுதான்.

வயற்சேறு ஈரத்தில் அழகான நீலச்சாம்பலாக இருந்தது. நீர் தேங்கிய வயலில் காற்றுப் படாததால் இரும்பு அந்த நிலையில் இருக்கிறது. வெயிலில் உலர்ந்ததும் காற்றுப் பட்டு வெளிறிய பழுப்பாகிவிட்டது. நீலம் அங்கேயும் நிற்கவில்லை.

வாவியோரத்துக் கருஞ்சேற்றையும் சோதித்தேன். முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் கலப்பதால் அதில் உப்பு உண்டு. சோதனைத் துண்டில் பூசி உலர்ந்த சில நாட்களில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. நல்ல தண்ணீரில் மீண்டும் மீண்டும் கழுவி, ஒவ்வொரு முறையும் கழுவிய நீரில் ஒரு துளியைக் கறுப்புக் கண்ணாடியில் உலரவிட்டுப் பார்க்கலாம். வெள்ளை வளையம் விழாமல் போகும்வரை கழுவ வேண்டும். வேலை அதிகம், கிடைப்பதோ மற்றச் சேறு தரும் அதே பழுப்பு. ஒதுக்கிவிட்டேன்.

மஞ்சள் கிழங்கின் நிறத்தையும் ஒதுக்கினேன். சடங்கு வீட்டின் நிறம் என்பதால் அதைச் சேர்க்க மனம் மிகவும் விரும்பியது. ஆனால் பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் வைத்த சோதனைத் துண்டில், சில வாரங்களுக்குள் மூடாத பாதி வெளுத்துப் போனது. அதே ஜன்னலில் இருந்த மண் நிறங்கள் அப்படியே இருந்தன.

பசை, துணி, பலகை

விளாம்பிசின் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர். ஓரிரவு ஊறவைத்துத் துணியில் வடிக்க வேண்டும். பிசின் உலர்ந்தால் நொறுங்கும் இயல்புடையது, ஆகவே சிறிது தேன். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சில துளி கராம்பு எண்ணெய். எண்ணெய்வண்ணமாக ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: மட்டி ஓட்டின் பொடி எண்ணெயில் வெள்ளையாக நிற்காது. அதன் ஒளிவிலகல் எண்ணெயின் ஒளிவிலகலுக்கு மிக நெருங்கியது, அதனால் கண்ணாடித்தன்மை அடைந்து மறைந்துவிடும். பிசினில் உலரும்போது துகள்களுக்கிடையே காற்று இருப்பதால் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது.

பிசின் நிறத்தை இழுத்துக் கட்டிய துணியில் நேரே பூசினால் துணி அசைய அசைய வெடிக்கும். ஆகவே துணியைப் பிளைவூட்டில் ஒட்டினேன். துணி மருதமுனைத் தறியில் நெய்த, சாயமிடாத பருத்தி. தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலில் ஏற்றிய கஞ்சி அதில் இருக்கும். கொதிநீரில் அலசிக் கஞ்சியை முழுவதும் போக்காவிட்டால் பின்னர் பூச்சியும் பூஞ்சணமும் தேடிவரும். 8 அடிக்கு 4 அடிப் பிளைவூட் ஒன்றை அறுத்தால் 4 அடிக்கு 2 அடியாக நான்கு பலகைகள். இரண்டு பிளைவூட்டில் எட்டு. பலகையின் பின்புறத்திலும் அதே அளவு பசை பூச வேண்டும். முன்புறம் மட்டும் பூசினால் மாரிக்காலத்து ஈரத்தில் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

இனி அடித்தளம். எழுவான்கரைப் பலகைகளுக்கு மட்டி ஓட்டுப் பொடியும் மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையும். படுவான்கரைப் பலகைகளுக்கு அந்த வெள்ளை விதிப்படி கிடையாது. வண்டலையே அடித்தளமாக்க வேண்டியிருந்தது. களி உலரும்போது சுருங்கி வெடிக்கும்; சுட்ட செங்கல் தூள் சுருங்காது. இரண்டையும் சரிபாதி கலந்து, சல்லடைத் துணியில் சலித்து, மெல்லிய பூச்சுகளாகப் பூசியதும் தளம் நின்றது.

அடித்தளம் பூசி உலர்ந்த எட்டுப் பலகைகளையும் சுவரில் சாய்த்தபோது தொடர் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்து நின்றது. நான்கு வெள்ளை, நான்கு பழுப்பு. இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை.

வரைதல்

இந்த நேரத்தில் என் மேற்பார்வை விரிவுரையாளர் வந்து பார்த்தார். மேசையில் அடுக்கியிருந்த போத்தல்களையும் சோதனை அட்டைகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "மண் நன்றாக இருக்கிறது. இதில் நீங்கள் பார்த்தது எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எல்லா மாணவரும் சுவரில் எழுதிவைக்கலாம். பொருளைத் தேடி அலைவது இன்பமானது. அந்த இன்பத்திலேயே காட்சி நாள் வந்துவிடும். போத்தல்களை வரிசையாக வைத்தாலும் ஒரு காட்சி ஆகிவிடும், ஆனால் நான் ஓவியம் படிக்க வந்தவள்.

ஆகவே போத்தல்களை மூடி வைத்துவிட்டுப் பென்சிலோடு துறைகளுக்குப் போனேன். மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்கும் பழக்கம் போய்விட்டது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதையில் கடந்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளும் மீன் பெட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே தட்டில் நிற்கும் அந்தப் பயணத்தில் கவனித்தது, நீர்மட்டம் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே உயரத்தில் கண்ணை அறுத்துச் செல்கிறது என்பதுதான். அதைத் தொடரின் எலும்பாக எடுத்துக்கொண்டேன். எட்டுப் பலகையிலும் மேலிருந்து 14 அங்குலத்தில் ஒரு கிடைக்கோடு. சில படங்களில் அது நீர்மட்டம். வட்டையில் அது வரம்பு. தென்னந்தோட்டத்தில் அது வேலி. கல்லடிப் படத்தில் 1920களில் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தளம்.

வெள்ளைத் தளமும் கறுப்பும் மட்டும் இருக்கும்போது வரைவது என்பது விட்டுவிடுவது. எழுவான்கரையின் உச்சி வெயிலில் மணல் கண்ணைக் கூசச் செய்யும். வலைவாடியின் நிழல், அடம்பன் கொடியின் கீற்று, வேலிக் கதிகால்களின் நிழல் ஆகியவற்றைக் கரியால் வைத்துவிட்டு மற்ற இடத்தை அப்படியே தளமாக விட்டேன். அந்த விட்ட இடம் மணலாகியது. சிவப்பு இருந்திருந்தால் ஓட்டுக் கூரையையும் சேலையையும் வரைந்து வெயிலைக் கெடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

படுவான்கரையில் எதிர்ப்பக்கமான வேலை. அங்கே மிக வெளிச்சமான நிறம் உலர்ந்த வண்டலின் வெளிர்பழுப்பு. வானத்துக்கும் அதுவே. முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் சூடடித்து நெல் பிரிக்கும் நாட்களில் களத்துத் தூசி எழும்பும்போது அக்கரை வானம் அப்படித்தான் இருக்கிறது; வெள்ளம் வட்டையை மூடும் மாரியில் நிலமும் வானமும் ஒரே நிறத்தில்தான் கிடக்கின்றன. வெள்ளத்தில் நிற்கும் வாடிக் குடிசையின் படத்தில் வானத்துக்கும் நீருக்கும் ஒரே போத்தலிலிருந்துதான் எடுத்தேன். தூரிகையின் திசை மட்டுமே வேறு: வானம் நிலைக்குத்தாக, நீர் கிடையாக. என் கண்ணுக்கு இந்தத் தொடரில் மிகவும் நிறைவான படம் அது.

நீலம்

வாவி எந்தக் கரைக்கும் சொந்தமில்லை, இரண்டுக்கும் சொந்தம். ஆகவே வாவி நீர் வரும் இடத்தில் மட்டும் இரு கரைப் பொருள்களும் கலக்கலாம் என்று விதியை விரித்தேன். அங்கேதான் வழி பிறந்தது.

இருண்ட தளத்தின் மேல் மிக நுண்ணிய வெள்ளையை மெல்லிய திரையாகப் பூசினால் கண்ணுக்கு நீலம் தெரியும். நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன, மீதி ஒளியை அடியிலுள்ள இருள் விழுங்கிவிடுகிறது. அடியில் அக்கரையின் சுட்ட புற்றுமண்ணும் இக்கரையின் சிரட்டைக் கரியும் கலந்த இருட்டு; மேலே மட்டி ஓட்டு வெள்ளை. வெள்ளையை மட்டும் தனியாகத் தயாரிக்க வேண்டும்: தண்ணீரில் கலக்கி ஓரிரவு வைத்தும் படியாமல் மிதக்கும் பால் போன்ற மேல்நீரை மட்டும் எடுத்து, அதைப் படியவிட்டுச் சேர்த்தேன். அகலமான மென்தூரிகையால் ஒரே வீச்சில் பூச வேண்டும். தடித்தால் சுண்ணாம்படித்த சுவராகிறது. மெலிந்தால் இருட்டு அப்படியே நிற்கிறது. பிசின் நீரில் மீண்டும் கரையும் என்பதால், இரண்டாம் வீச்சு அடித்தளத்தைக் கிளறிச் சேறாக்கிவிடும். அடியை நன்றாக உலரவிட்டு, அதன் மேல் வெள்ளைப் பசையை நீர்த்து ஒருமுறை பூசிப் பூட்டிய பிறகே திரையைப் போட்டேன்.

கரையோரத்தில் மெல்லிய கோடாகச் செங்காவியை வைத்தவுடன் நீர் இன்னும் நீலமானது. சிவப்பின் அருகே சாம்பல் அந்தச் சிவப்பின் எதிர்நிறத்தின் பக்கம் சாய்கிறது. இது ஓவியம் படித்த எவருக்கும் தெரிந்த விடயம். ஆனால் அந்தச் சிவப்பு அக்கரையிலிருந்து வந்தது, நீரின் வெள்ளை இக்கரையிலிருந்து வந்தது, இரண்டும் சந்திக்காமல் வாவி நீலமாவதில்லை என்பதைத் தூரிகையோடு நின்று கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. படுவானுக்கு வேலைக்குப் போய் எழுவானுக்குத் திரும்பும் குடும்பத்தில் பிறந்தவள் நான்.

தொங்கவிடுதல்

கிழக்குச் சுவரில் எழுவான்கரைப் படங்கள், மேற்குச் சுவரில் படுவான்கரைப் படங்கள். நடுவே நடப்பவர் வாவியில் நடக்கிறார். எட்டுப் பலகையின் கிடைக்கோடும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதால், பலகையின் விளிம்பை அளக்காமல் கோட்டை அளந்தே ஆணியடித்தோம். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைச் சுவரோரம் பிடித்து மட்டம் பார்த்தோம். கட்டடவேலை செய்யும் மாமா சொல்லித் தந்த முறை அது.

ஒளிதான் கடைசிச் சோதனை. மண்டபத்தில் இருந்தவை மஞ்சள் சாயல் கொண்ட பல்புகள். அவற்றின் கீழ் செம்மண் தீயாக எரிந்தது, நீர் வெறும் சாம்பலாகிவிட்டது. எல்லாவற்றையும் பகல் வெளிச்ச பல்புகளாக மாற்றியதும் நீலம் திரும்பியது. சாம்பலின் நுண்சாயலை நம்பி வரைபவர்கள், எந்த விளக்கின் கீழ் படம் தொங்கப் போகிறது என்பதை வரையும் காலத்திலேயே கேட்டு, அதே விளக்கை வேலை அறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வாணிஷ் பூசவில்லை. பூசினால் மண்ணின் தூள்தன்மை போய், நிறம் ஆழ்ந்து, வெள்ளைத் திரையும் ஊடுருவித் தெரிந்துவிடும். பாதுகாப்புக்காகப் படங்களுக்கு முன்னால் தரையில் இரண்டடி அகலத்துக்கு மணல் பரப்பினோம். யாரும் அதில் கால் வைக்கவில்லை. படத்தின் பெயர்ச் சீட்டில் நிறங்கள் எடுத்த ஊர்களின் பெயரும் இருக்கிறது. பார்க்க வந்த படுவான்கரைப் பெரியவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெயர்களைத்தான் வாசித்தார்கள். பிறகு எந்த வட்டை, எந்த வாய்க்கால் என்று விவாதித்தார்கள்.

இப்போது கையில் செங்காவி இரண்டு போத்தலும் உமிக்கரி ஒன்றும் மீதம் இருக்கின்றன. மட்டி வெள்ளை முற்றாகத் தீர்ந்துவிட்டது. அம்பாறைப் பக்கம், அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் இடையிலான கரையில் அடுத்த தொகுதியைத் தொடங்க இருக்கிறேன். அதற்கு முதல் வேலை ஓடு பொறுக்குவது.